வன்னியில் வேலை இருந்தும் வறுமை ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு புள்ளிவிவரக் கேள்வி. முல்லைத்தீவு மாவட்டத்தில் 2016இல் 12.7 வீதமாக இருந்த வறுமை 2019இல் 44.5 வீதம் என்று அரசாங்கமே சொல்கிறது. ஆனால் நீங்கள் விடுமுறைக்கு வந்து புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கம் சுற்றியபோது கல்வீடும் மோட்டார் சைக்கிளும் போனும்தான் கண்ணில் பட்டன. வயல் வேலைக்கு ஆள் பிடிக்க முடியவில்லை என்று உங்கள் மாமா சலித்துக்கொண்டார். அப்படியென்றால் எண் பொய்யா, இல்லை சனம் வேலை செய்ய மறுக்கிறதா என்று கேட்கிறீர்கள். கடைசியில், நண்பர்கள் சேர்ந்து கொஞ்சம் பணம் அனுப்ப நினைக்கிறோம், எதற்கு அனுப்பலாம் என்று ஒரு வரி. எனக்குப் படுவது என்னவென்றால், வேலை செய்கிற சனம் ஏன் ஏழையாகவே இருக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. வீட்டு வருமானச் செலவின ஆய்வுகளில் கள வேலை பார்த்தவன், பிறகு நெடுங்காலம் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் சிக்கனக் கடனுதவுச் சங்கங்களோடு (ஊரவர் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுக்கும் கூட்டுறவுகள்) திரிந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மன்னார்க் கடற்கரையும் வவுனியா நகரமும் எனக்கு அந்த அளவுக்குப் பழக்கமில்லை. ஆகவே நான் வன்னி என்று சொல்லும்போது பெரும்பாலும் பரந்தன் முதல் முல்லைத்தீவுக் கரை வரை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்களை முடித்துவிடுவோம். 12.7க்கும் 44.5க்கும் நடுவில் நடந்த பெரிய மாற்றம், அளக்கிற கோடு மாறியது. 2016 வரை பயன்பட்ட வறுமைக் கோடு, 2002ஆம் ஆண்டில் சனம் என்ன வாங்கிச் சாப்பிட்டது, எதற்குச் செலவழித்தது என்பதை வைத்துப் போடப்பட்டது. விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே வந்ததில் 2016இல் அது ஆளுக்கு மாதம் 4,166 ரூபாவாக இருந்தது. 2019 ஆய்வுக்கு 2012/13இன் வாழ்க்கை முறையை வைத்துப் புதிய கோடு போட்டார்கள். அது ஆளுக்கு 6,966 ரூபா. நாடு முழுவதற்குமான வறுமை 4.1 வீதத்திலிருந்து 14.3 வீதமானதும் இதனால்தான். ஆகவே இரண்டு எண்ணையும் சேர்த்து வைத்து, மூன்று வருஷத்தில் மூன்றரை மடங்கு என்று சொல்லக்கூடாது. ஆனால் ஒரே ஆய்வுக்குள் ஒப்பிடலாம். 2019இல் அதே கோட்டில் கொழும்பு 2.3 வீதம், முல்லைத்தீவு 44.5 வீதம். நாட்டின் 25 மாவட்டங்களிலும் மிக மோசமான நிலை. இவ்வளவு பெரிய இடைவெளியை எந்தக் கணக்குப் பிழையும் உண்டாக்க முடியாது.

சந்தேகத்துக்கு உரியது, வன்னி மாவட்டங்களுக்குள் யார் மோசம் என்ற வரிசை. 2009/10 ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்றும் விடுபட்டிருந்தன. போருக்குப் பின் எல்லா மாவட்டங்களையும் சேர்த்த முதல் ஆய்வு 2012/13இல் நடந்தது. அதில் முல்லைத்தீவு 28.8, மன்னார் 20.1, கிளிநொச்சி 12.7, வவுனியா 3.4. அடுத்து 2016இல் கிளிநொச்சி 18.2 என்று நாட்டிலேயே முதலிடத்துக்கு வந்தது, முல்லைத்தீவு 12.7க்கு இறங்கியது, மன்னார் 1.0 ஆனது. ஐந்தில் ஒருவர் ஏழையாக இருந்த மாவட்டம் சில வருஷத்தில் நூற்றில் ஒருவர் என்று ஆகிவிட்டதை நான் நம்பவில்லை. சனத்தொகை ஒரு இலட்சத்தை ஒட்டி இருக்கும் மாவட்டத்தில் ஆய்வுக்கு எடுபடும் வீடுகள் சில நூறுதான். அவையும் வருஷத்தின் பன்னிரண்டு மாதத்துக்கும் பிரிக்கப்படும். கடற்கரைக் கிராமம் ஒன்று எந்த மாதத்தில் மாட்டியது, குளத்தடிக் கிராமம் எந்த மாதத்தில் மாட்டியது என்பதைப் பொறுத்தே விடை ஆடும். அதனால் கிளிநொச்சியா முல்லைத்தீவா என்ற போட்டியில் நேரம் போக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நம் நாட்டில் வறுமையை வருமானத்தால் அளப்பதில்லை, நுகர்வால் அளக்கிறார்கள். ஒரு கிழமைக்கு வீட்டில் என்ன சமைத்தீர்கள், அரிசி எவ்வளவு, மீன் எவ்வளவு, வீட்டுத் தென்னையில் பறித்த தேங்காய் எத்தனை என்று குறித்து, மற்றச் செலவுகளையும் கூட்டி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பார்கள். கூலிக் காசிலே வாங்கிய அரிசிக்கும், கடைக் கொப்பியில் எழுதி வாங்கிய அரிசிக்கும், லோன் எடுத்து வாங்கிய அரிசிக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. கடனில் சாப்பிடுகிற வீடு கோட்டுக்கு மேலே நிற்கும். எனவே கடன் நிறைந்த மாவட்டத்தில் இந்த எண் வறுமையைக் கூட்டிக் காட்டுவதைவிடக் குறைத்துக் காட்டவே வாய்ப்பு அதிகம். கள வேலையில் நான் கேட்ட கேள்விகளிலேயே கடினமானது, போன மாதம் உங்கள் வருமானம் எவ்வளவு என்பது. வீட்டுக்காரி என்னைத் திருப்பிக் கேட்பார்: "எந்த மாசத்தைச் சொல்லுறது?" அந்தத் திருப்பிக் கேட்டலில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

வேலையின்மை எண்ணும் இப்படித்தான். 2019இல் நாட்டின் வேலையின்மை 4.8 வீதம். கணக்கெடுப்புக்கு முந்திய கிழமையில் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ, இலாபத்துக்கோ, குடும்பத் தொழிலிலோ வேலை செய்தவர் வேலையில் உள்ளவர் என்று கணக்கு. உலகம் முழுவதும் இதே அளவுகோல்தான், இதில் சூழ்ச்சி ஒன்றுமில்லை. ஆனால் சொந்தத் தோட்டத்தில் நாலு கத்தரிக் கன்றுக்குத் தண்ணி விட்டு, சந்தைக்கு இரண்டு கிலோ கொண்டுபோனவரும் வேலையில் உள்ளவர். கிழமையில் ஒரு நாள் கொங்கிறீட் போட்டவரும் அப்படியே. வேலையே இல்லை என்று சும்மா இருக்க வசதி வேண்டும். அந்த வசதி இங்கே பெரும்பாலான வீடுகளில் இல்லை. ஆகையால் வேலையின்மை எண் குறைவாக இருப்பதை வைத்து வன்னியின் நிலையை எடைபோட முடியாது. வருஷத்தில் எத்தனை நாள் வேலை, எந்த நாட்களில், அந்தக் காசு கைக்கு வரும்போது யார் வாசலில் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் பக்கத்து ஒரு குடும்பத்தின் வருஷத்தைச் சொல்கிறேன். இது ஒரு வீட்டின் கதை இல்லை, நான் பார்த்த பல வீடுகளைச் சேர்த்தே சொல்கிறேன். குடியிருக்க அரை ஏக்கர் மேட்டுக்காணி, வயல் இல்லை. புருஷன் மேசனுக்குக் கையாள், மனைவி தோட்ட வேலைக்குப் போவார், பிள்ளைகள் மூன்று. புரட்டாசி, ஐப்பசியில் மழைக்கு முந்தி நிலம் துப்புரவாக்கல், கச்சான் (நிலக்கடலை) போடுதல் என்று கொஞ்சம் நாள்கூலி. கார்த்திகை, மார்கழி வந்தால் மழை அடித்துக் கொட்டும். கட்டட வேலை நின்றுவிடும், வயலில் களை பிடுங்கும் வேலை சில நாள் இருக்கும், வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. பள்ளிக்கூடச் செலவு தொடங்குகிற தை மாதத்துக்கு முன்னாலேயே தோடு அடைவுக்குப் போய்விடும். தை, மாசியில் கச்சான் பிடுங்கி ஆயும் வேலை. பெண்கள் கூட்டமாகப் போவார்கள், மண் ஒட்டிய கையோடு பின்னேரம் திரும்புவார்கள், ஆய்ந்த அளவுக்குக் காசு. பங்குனிக்குப் பிறகு வெயில் காலம், கட்டட வேலை பிடிக்கும். ஆனி, ஆடியில் காட்டில் பாலைப்பழமும் வீரைப்பழமும் பழுத்தால் பறித்து வீதியோரம் வைத்து விற்பார்கள். ஆவணியில் குளம் வற்றி, கிணறு ஆழத்துக்குப் போய், வீட்டுத்தோட்டம் காய்ந்துவிடும். இந்த வீட்டில் யாரும் சும்மா இருக்கவில்லை. ஆனால் மாதம் என்று ஒரு வருமானம் அங்கே கிடையாது.

இப்போது உங்கள் மாமாவின் முறைப்பாட்டுக்கு வருகிறேன். அவர் சொல்வதும் பொய்யில்லை. அறுவடைக்கும் விதைப்புக்கும் ஆள் தட்டுப்பாடு உண்மையிலேயே இருக்கிறது. முன்பு அரிவு வெட்டு, கட்டுக் கட்டுதல், சூடு மிதித்தல், தூற்றுதல் என்று ஒரு ஊரே வாரக்கணக்கில் வயலில் நிற்கும், கூலியாக நெல்லும் வீட்டுக்கு வரும். போருக்குப் பின் அறுவடை மெசின் வந்து, பல நாள் வேலையைச் சில மணித்தியாலத்தில் முடித்தது. கமக்காரருக்கு அது நல்லதுதான், மழைக்கு முன் நெல்லைக் காப்பாற்றலாம். ஆனால் வயல் இல்லாத குடும்பத்துக்கு வருஷத்தின் மிகப்பெரிய கூலிப் பருவம் போய்விட்டது. ஆண்கள் கட்டட வேலைக்கும், கொழும்புக்கும், வளைகுடாவுக்கும் திரும்பினார்கள். மாமாவுக்கு ஆள் வேண்டியது மெசின் இறங்க முடியாத சேற்று மூலைக்கும், மருந்து அடிக்கவும், வரம்பு கட்டவும், வருஷத்தில் சில நாள்தான். அந்தச் சில நாளுக்காக ஒரு ஆள் வருஷம் முழுக்க ஊரில் காத்திருக்க முடியாது. ஆள் தட்டுப்பாடும் வேலைத் தட்டுப்பாடும் ஒரே ஊரில் ஒரே நேரத்தில் இருப்பது இப்படித்தான்.

வயல் வைத்திருப்பவரும் வசதியாக இல்லை. இரணைமடுக் குளத்தின் கீழே காலபோகம், அதாவது மழைக்காலப் பயிர், முழுதாகச் செய்யலாம். வெயில் காலத்துச் சிறுபோகத்துக்குக் குளத்து மட்டத்தைப் பார்த்து, கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்டச் செயலகத்தில் கூடி இத்தனை ஏக்கர் என்று தீர்மானிப்பார்கள், அதைப் பங்காகப் பிரிப்பார்கள். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் பக்கமும் கதை இதுதான். விதைநெல், உரம், மெசின் கூலி எல்லாம் முற்பணக் கடன். அறுத்த நெல் ஈரமாக இருக்கும். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதத்தில்தான் எடுக்கும். காயவைக்கத் தளம் இல்லாததால் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் மாசி, பங்குனியில் ஒரு பக்கத்து ஒழுங்கை முழுக்க நெல் பரப்பிக் கிடக்கும், கல்லும் கம்பும் வைத்து மறித்திருப்பார்கள். அதற்கும் இடம் கிடைக்காதவர், கடன்காரர் வாசலுக்கு வருவதற்கு முன் களத்திலேயே தரகருக்கு ஈரநெல்லாகக் கொடுத்துவிடுவார். பிறகு ஐப்பசியில் அதே ஆள் கடையில் அரிசி வாங்குவார்.

நீங்கள் பார்த்த கல்வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து வருகிற எல்லாரையும் அதுதான் குழப்புகிறது. 2009க்குப் பின் முகாம்களிலிருந்து திரும்பிய சனத்துக்கு வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா, தவணை தவணையாக. ஒரு தவணை வேலையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை. எல்லா வீடும் ஒரே நேரத்தில் கட்டப்பட்டதால் மணல், கல், சீமெந்து, மேசன் கூலி எல்லாம் ஏறின. குறைந்த காசுக்கு நகை அடைவு, அதுவும் போதாமல் கடன். அதாவது அந்த வீடே பல குடும்பங்களின் முதல் பெரிய கடன். அதே வருஷங்களில் ஏ9 வீதி, ரயில் பாதை, பாலம், பள்ளிக்கூடம் என்று எங்கும் கட்டட வேலை நடந்தது. 2013 செப்டெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்கு வந்தபோது ஊர் முழுக்கக் கூலி வேலை நிறைந்திருந்தது. பிறகு திட்டங்கள் முடிந்தன, தொண்டு நிறுவனங்கள் போயின, கூலி வற்றியது. கடன் மட்டும் தவணை தவறாமல் வந்தது. மோட்டார் சைக்கிளும் பெரும்பாலும் லீசிங். பஸ் இல்லாத உள்ளூர்ப் பாதையில் அது இல்லாமல் மேசன் வேலைக்குப் போகவே முடியாது.

நுண்கடனைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது அதன் நாட்காட்டியைப் பற்றி. ஒரு கிராமத்தில் செவ்வாய்க்கிழமை காலை, பொதுநோக்கு மண்டப வாசலில் பெண்கள் பிளாஸ்ரிக் பையில் கொப்பியை வைத்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். கடன் கம்பனிப் பொடியன் தவணை வாங்க மோட்டார் சைக்கிளில் வருவான். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும், அதுவரை யாரும் எழும்ப முடியாது. அதனால் ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொரு கம்பனியில் எடுப்பது, அதுவும் முடியாவிட்டால் மீற்றர் வட்டி, அதாவது நாளுக்கு நாள் ஏறும் தனியார் வட்டி. வருமானம் போகத்துக்குப் போகம் வருகிறது, கடன் கிழமைக்குக் கிழமை கேட்கிறது. இந்த இரண்டும் பொருந்தாததே சிக்கலின் முடிச்சு. வட்டி வீதம் அதற்கு அடுத்ததுதான் என்பது என் கருத்து. 2018இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், வன்னி மாவட்டங்கள் நான்கும் உட்பட, பெண்கள் எடுத்து நிலுவையாகிப் போன ஒரு இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களை அரசாங்கம் இரத்துச் செய்தது, வட்டிக்கு 35 வீதம் உச்சவரம்பு வைத்தது. பல பெண்களுக்கு மூச்சு வந்தது உண்மை. ஆனால் கிழமைத் தவணை முறை அப்படியே இருந்தது. அதே ஆண்டு மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் வந்து பயிரை மூடியபோது, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இதற்குக் கீழே காணி இருக்கிறது. 1930களிலிருந்து குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பெர்மிட் காணிகள், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. விருப்பப்படி பிரிக்கவோ விற்கவோ முடியாது, வங்கிக்கு ஈடு வைப்பதும் இலேசில்லை. ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற முறையில்தான் பின்னுரிமை. பெயர் குறிக்காமல் இறந்துபோனால் ஆண்மக்களுக்கு முதலிடம் என்ற விதி 2022இல்தான் திருத்தப்பட்டது. போரில் புருஷனை இழந்த பெண்கள் இத்தனை பேர் வாழும் மாவட்டங்களில் இது சின்ன விஷயம் இல்லை. இன்னும் கீழே, 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்த குடும்பங்கள். பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற இடங்களில் குடியேறிய அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியிருப்புத் துண்டுக்கு மேல் நிலம் கிடைக்கவில்லை. வன்னியின் வயல்களையும் தோட்டங்களையும் கூலிக்கு நின்று வளர்த்தவர்கள் அவர்கள்தான். இன்றைக்கும் ஒரு கிராமத்தில் மிக வறிய வீடுகளைத் தேடினால் நிலமில்லாத இந்தக் குடும்பங்களில்தான் முதலில் போய் நிற்போம். வன்னி ஏழை என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த உள்வேறுபாடு மறைந்துவிடுகிறது. நம்முடைய ஆட்களும் அதைப் பேசத் தயங்குகிறார்கள். அது சரியில்லை.

கடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போவதும், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் பருவத்துக்குத் தெற்கிலிருந்து வரும் படகுகளோடு உள்ள போட்டியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எண்ணெய் விலை பற்றி அவ்வளவு பேர் பேசுவதில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. சிறு படகுக்காரர் அதில்தான் ஓடுகிறார். மீன் படாத நாளில் எண்ணெய்க் காசு முதலாளியிடம் கடன், அடுத்த நாள் பட்ட மீன் அந்த முதலாளி சொன்ன விலைக்கு.

சரி, நிவாரணம் கொடுத்துச் சனத்தைச் சோம்பேறியாக்கிவிட்டார்கள் என்ற பேச்சு. இதைக் கணக்காலேயே பார்க்கலாம். 2023 யூலையில் அரசின் பழைய நிவாரணமான சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய திட்டம் வந்தது. வறியவர் என்று வகைப்படுத்திய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபா, மிக வறியவர் என்றால் 15,000. 2025 தொடக்கத்தில் அவை 10,000, 17,500 ஆயின. ஆனால் 2022 முடிவதற்குள்ளேயே வறுமைக் கோடு ஆளுக்கு 13,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. அதாவது வறிய குடும்பம் முழுவதற்கும் கொடுத்தது, ஒரே ஒரு ஆள் கோட்டைத் தொடவும் போதாது. இதைச் சாப்பிட்டுவிட்டு யாரும் கட்டிலில் படுத்திருக்க முடியாது. தெரிவிலும் குறை உண்டு. 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போட்டார்கள், வீட்டின் சுவர், கூரை, வாகனம் எல்லாம் கணக்கில் வந்தன. வீட்டுத்திட்டத்துக் கல்வீட்டில் கடனோடு இருக்கும் விதவைக்கு அந்தச் சுவரே எதிராக நின்ற கதைகளை நான் மேன்முறையீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தபோது திரும்பத் திரும்பக் கேட்டேன். இது எத்தனை வீதம் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது, நடந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இளைஞர்கள் அரச வேலைக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. போருக்கு முன் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது, ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது, ஆனையிறவில் உப்பளம் இருந்தது. மாதம் முடியச் சம்பளம் என்பது ஒரு காலத்தில் இந்த மண்ணில் சாதாரணம். உப்பளம் திரும்ப இயங்குகிறது, 2025இல் அங்கே உப்புத் தொழிற்சாலையும் திறந்தார்கள். ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, பெண்பிள்ளைகள் விடிவதற்கு முன் பஸ் ஏறுகிறார்கள். கலியாணம், பிள்ளை என்று வந்தால் அந்த நேரத்துக்கு வீட்டிலிருந்து புறப்பட முடியாமல் பலர் நின்றுவிடுகிறார்கள். பாதுகாப்பு அமைச்சின் கீழான சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்தது. முன்னாள் போராளிகளே அதில் பலர் சேர்ந்தபோது அரசியல்ரீதியாகக் கடும் விமர்சனம் வந்தது. இராணுவக் கட்டமைப்புக்குள் முன்பள்ளி நடத்துவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அங்கே சேர்ந்த பிள்ளைகளைக் குறைசொல்ல என்னால் முடியாது. சம்பளப் பட்டியல் கையில் இருந்தால்தான் வங்கி நாற்காலியில் உட்காரச் சொல்லும், அங்கே வட்டி நுண்கடன் வட்டியில் ஒரு பகுதிதான். மாதச் சம்பளத்தைத் தேடுகிறவர் வேலைக்குப் பயந்தவர் இல்லை.

இனிப் பணம். தையல் மெசின், கோழிக்கூடு, ஆடு என்று தொடங்காதீர்கள். போருக்குப் பின் அவை ஏராளமாக வந்தன. ஒரே ஒழுங்கையில் பத்துப் பேருக்குத் தையல் மெசின் கொடுத்தால் பத்துப் பேரும் ஒரே சட்டையைத் தைப்பார்கள், வாங்க அந்த ஒழுங்கையில் ஆள் இல்லை. கோழிக்குத் தீன் விலை ஏறியதும் கூடு காலியாகும். எனக்குச் சரியாகப் படுவது மூன்று. ஒன்று, இயங்குகிற ஒரு சிக்கனக் கடனுதவுச் சங்கத்துக்குச் சுழற்சி நிதி. நிபந்தனை, தவணை போகத்துக்குப் போகமாக இருக்க வேண்டும், கச்சான் செய்கிறவர் கச்சான் விற்றதும், கடலுக்குப் போகிறவர் வாடைக்காற்று ஓய்ந்ததும் கட்டலாம். கம்பனிக் கடனை மூட இந்தக் காசைக் கொடுக்கவும் சங்கம் சம்மதிக்க வேண்டும், பெரும்பாலான பெண்களுக்கு முதல் தேவை அதுதான். இரண்டு, ஒரு கமக்காரர் அமைப்புக்கு நெல் உலர்த்தும் தளமும் சின்னக் களஞ்சியமும். ஈரநெல்லை அன்றைக்கே விற்காமல் சில கிழமை வைத்திருக்க முடிந்தாலே விலையில் வித்தியாசம் தெரியும். மூன்று, அறிவியல்நகரில் இருக்கும் இலங்கை – ஜேர்மன் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் சேர்ந்து, பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் இல்லாமல் இடையில் நிற்கிற பிள்ளைகளுக்கு மாதச் செலவு. மோட்டார், வெல்டிங், மின் வேலை தெரிந்த பிள்ளை மழைக் காலத்திலும் சம்பாதிக்கும்.

கையில் இருக்கும் தொகை சின்னது என்றால் மூன்றாவதைச் செய்யுங்கள், அதற்குப் பெரிய அமைப்பு தேவையில்லை, யாருக்குக் கொடுக்கிறோம் என்பதும் தெரியும். சங்கத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் அனுப்புவதற்கு முன் கடைசி இரண்டு வருஷத்துக் கணக்காய்வு அறிக்கையைக் கேளுங்கள். எத்தனை பேர் கடன் எடுத்தார்கள், எத்தனை பேர் திருப்பிக் கட்டினார்கள், அவர்களில் நிலமில்லாதவர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறும் சங்கம் வயல்காரருக்கு மட்டுமே கடன் கொடுக்கிற சங்கமாக இருக்கலாம். உங்கள் மாமாவின் கிராமத்துச் சங்கம் பதிவில் இருக்கிறதா, கணக்காய்வு முடிந்திருக்கிறதா என்பதைக் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளர் அலுவலகத்தில் அவரே நேரில் போய்க் கேட்டு அறியலாம். கிராமத்தின் பெயரை இங்கே எழுதினால் அந்தப் பக்கத்தில் எந்தப் பயிர், எந்தக் குளம், தவணையை எந்த மாதத்தில் வைப்பது நல்லது என்று நானும் சொல்கிறேன்.